காய்ச்சலோடு கட்டிய பொதி

எங்கள் ஊரில் அந்தத் திருநாளுக்கு நத்தார் என்றுதான் பெயர். போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரங்களிலும் பாலன் குடிலோடும் பலகாரத்தோடும் சேர்ந்து வீட்டுச் சொல்லாகிவிட்டது. அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்த எங்கள் ஆட்களுக்குக் கிறிஸ்மஸ் என்பது வேறு. அது ஒரு தீவு. 1643ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி அந்தப் பக்கமாகக் கப்பலில் போன வில்லியம் மைனோர்ஸ் என்ற ஆங்கிலேயர், அன்றைய நாளின் பெயரையே அந்தத் தீவுக்கு வைத்துவிட்டுப் போனார். ஜாவாவுக்குத் தெற்கே ஏறக்குறைய 350 கிலோமீற்றர். கடலில் மறிக்கப்பட்ட படகுகளின் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம். "கிறிஸ்மஸிலை எத்தினை மாசம் இருந்தனி?" என்று ஒருவர் மற்றவரைக் கேட்பதை வில்லாவுட் தடுப்பு முகாமின் பார்வையாளர் கூடத்தில் முதன்முதலாகக் கேட்டபோது, எனக்கு அது விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

2013 டிசம்பரில், நத்தாருக்கு முந்திய கிழமை நடந்த விஷயம் இது. மேற்குச் சிட்னியில் இருந்து நாங்கள் நாலைந்து பேர் போயிருந்தோம். ஒருவர் றிச் கேக் கொண்டுவந்திருந்தார். ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் போட்டு, எண்ணெய்த் தாளில் சுற்றிய எங்கள் நாட்டுக் கேக். என் பையில் எட்டுப் பக்கத் தாள் இருந்தது. ஓ. ஹென்றியின் கதையொன்றை நானே தமிழில் எழுதிப் பார்த்தது. தலைப்பை எப்படிப் போடுவது என்று கனநாள் யோசித்திருந்தேன். பழைய வேதாகமத்தில் சாஸ்திரிகள் என்றிருக்கும், இன்றைய கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் ஞானிகள். எங்கள் ஆச்சி சொல்வது மூவிராசாக்கள். நான் ஆச்சியோடு நின்றேன்: 'மூவிராசாக்களின் பரிசு'.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். நியூயோர்க்கில் ஒரு வாடகை அறை. டெல்லா, ஜிம் என்று ஓர் இளம் தம்பதி. நத்தாருக்கு முதல் நாள் டெல்லாவின் கையில் இருப்பது 1 டொலர் 87 சதம், அதுவும் கடைக்காரரோடு பேரம்பேசி மிச்சம் பிடித்த சில்லறை. அவர்களிடம் பெருமைப்படும்படி இரண்டே பொருள்கள்: அவளுடைய முழங்காலைத் தொடும் கூந்தல், அவனுடைய பாட்டன் வழி வந்த தங்க மணிக்கூடு. அவள் கூந்தலை 20 டொலருக்கு விற்று, மணிக்கூட்டுக்கு 21 டொலரில் பிளாட்டினச் சங்கிலி வாங்குகிறாள். அவனோ மணிக்கூட்டை விற்று, அவள் நெடுநாள் ஆசைப்பட்ட ஆமையோட்டுச் சீப்புகளை வாங்கி வருகிறான். கதை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

வாசித்து முடித்ததும் ஒருவரும் பேசவில்லை. மன்னார்ப் பக்கத்துப் பொடியன் ஒருவன் கேக் துண்டைக் கையில் வைத்தபடியே இருந்தான். மனைவி தமிழ்நாட்டில், அகதி முகாமில். படகுக் காசுக்காக அவளுடைய தாலிக்கொடியை விற்றிருந்தார்கள். இங்கே காசுக்குப் பதிலாகக் கிழமைக்குக் கிடைக்கிற புள்ளிகளை அவன் சிகரெட்டுக்குச் செலவழிக்காமல் சேர்த்துத் தொலைபேசி அட்டை வாங்குவான். அவன்தான் கேட்டான்:

"அண்ணை, உந்தக் கதையை எழுதினவர் மறியலிலை இருந்தவரோ?"

"ஏன் அப்பிடிக் கேக்கிறாய்?"

"வெளியிலை இருக்கிறவனுக்கு ஒரு டொலர் எண்பத்தேழு சதத்தை இப்பிடி எண்ணத் தெரியாது."

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. ஓ. ஹென்றி என்றால் கடைசி வரியில் கதையைத் திருப்பிப்போடும் கெட்டிக்காரர் என்பதற்கு மேல் நான் படித்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவன் கேட்டது சரி.

வில்லியம் சிட்னி போர்ட்டர் என்பது இயற்பெயர். பிறந்தது 1862இல், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில். மூன்று வயதில் தாயைக் காசநோய்க்குக் கொடுத்தவர். தனக்கும் இருமல் வந்தபோது, காய்ந்த காற்று நல்லது என்று டெக்சாசுக்குப் போனார். ஒஸ்டின் நகரத்தில் அத்தோல் எஸ்டெஸ் என்ற பெண்ணைக் கண்டார். அவளுடைய தகப்பனையும் காசநோய்தான் கொண்டுபோயிருந்தது. அவளுக்கும் அந்தக் குறி இருந்தது. தாய் திருமணத்துக்கு இடம்கொடுக்கவில்லை. 1887 ஜூலை 1ஆம் திகதி இருவரும் யாருக்கும் சொல்லாமல் ஒரு போதகர் வீட்டில் போய்க் கலியாணம் செய்துகொண்டார்கள். முதற் குழந்தை பிறந்த சில மணி நேரத்தில் இறந்தது. 1889இல் மகள் மார்கரெட் பிறந்தாள்.

அவர்கள் வாழ்ந்த சிறிய வீடு ஒஸ்டினில் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்த வீட்டைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி ஒன்று என் மனதில் நிற்கிறது. 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியைப் பார்க்கப் போவதற்கென்று இருந்த பணத்தில், அத்தோல் அந்தப் பயணத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் பிரம்பு நாற்காலிகளும் மஸ்லின் திரைச்சீலைகளும் வாங்கினாளாம். தனக்கு வேண்டியதை விற்றோ விட்டோ வீட்டுக்குக் கொடுக்கிற கை அவளுடையது. அது பின்னால் இன்னும் பெரிதாகத் தெரியவரும்.

போர்ட்டர் ஒரு வங்கியில் காசாளராக இருந்தார். கணக்கில் குறை வந்தது. பிற்காலத்தில் தீர்ப்பில் குறிக்கப்பட்ட தொகை 854 டொலர் சொச்சம். அவர் எடுத்தாரா, வங்கியின் ஒழுங்கற்ற கணக்கு அவர் தலையில் விழுந்ததா என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 1896 ஜூலையில், வழக்குக்குப் போகும் வழியில் ரயில் மாறவேண்டிய இடத்தில் அவர் வேறு ரயில் ஏறினார். நியூ ஒர்லியன்ஸ் போய், அங்கிருந்து கப்பலில் ஹொண்டூராஸ் போய்ச் சேர்ந்தார். அமெரிக்கா கேட்டாலும் ஆளைப் பிடித்துக் கொடுக்கும் உடன்படிக்கை அந்நாட்டோடு அப்போது இல்லை. அங்கே கண்டதை வைத்துத்தான் 'வாழைப்பழக் குடியரசு' என்ற சொல்லாட்சியை அவர் உண்டாக்கினார். அத்தோலும் மகளும் பிறகு வந்து சேர்வது என்று எண்ணம். அவளுடைய நோய் அதற்கு விடவில்லை.

1896 நத்தார் வந்தது. கணவன் கடலுக்கு அப்பால், பெயர் சொல்ல முடியாத நிலையில். மனைவி ஒஸ்டினில், தாய் வீட்டில், நோயும் இருமலுமாக. கையில் காசில்லை. அத்தோல் ஒரு றேந்தை லேஞ்சி பின்னினாள். லேஸ் கைக்குட்டை என்றால் மற்ற ஊர்க்காரருக்கு விளங்கும். ஊசியால் இழை இழையாக எடுத்து, கண்ணைக் குத்திக்கொண்டு செய்யவேண்டிய வேலை. அதை 25 டொலருக்கு விற்றாள். அந்தப் பணத்தில் ஒரு மேலங்கி, நல்ல வாசனைத் திரவியம், தின்பண்டங்கள் எல்லாம் வாங்கிப் பெட்டியில் அடுக்கி ஹொண்டூராசுக்கு அனுப்பினாள். பெட்டியை அடுக்கிய அன்று அவளுடைய உடம்புச் சூடு பரனைட் அளவில் 105 பாகை. அது அவருக்கு அப்போது தெரியாது. ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. இதைச் சொன்னது அத்தோலின் தாய், எழுதிவைத்தது போர்ட்டரின் பால்ய நண்பர் அல்போன்சோ ஸ்மித். 1916இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது.

நான் இந்த இடத்தைப் பல தடவை திரும்பப் படித்தேன். ஹொண்டூராஸ் வெப்ப நாடு. அங்கே மேலங்கி எதற்கு? யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் எங்கள் வீடுகளில் வெளிநாட்டுக்குப் பொதி கட்டிய தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் அது கேள்வியே அல்ல. அவன் எங்கே நிற்கிறான், அங்கே வெயிலா குளிரா என்று அவர்களுக்குத் தெரியாது. அவன் குளிரில் நிற்கிறான் என்றுதான் மனம் முதலில் நினைக்கும். மணிக்கூடு இல்லாத ஜிம்முக்குக் கிடைத்த சங்கிலி போன்றதுதான் அந்த மேலங்கியும்.

இனித்தான் அவருடைய பங்கு. அவள் சாகக் கிடக்கிறாள் என்று அறிந்ததும் போர்ட்டர் 1897 தொடக்கத்தில் ஒஸ்டினுக்குத் திரும்பிவந்து நீதிமன்றத்தில் நின்றார். ஹொண்டூராசிலேயே இருந்திருந்தால் ஒருவரும் தொட்டிருக்க முடியாது. வந்தால் மறியல் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு வந்தார். அத்தோலின் வீட்டார் பிணை நின்றார்கள். கடைசி மாதங்கள் அவர் அவளோடு இருந்தார். அவள் படுத்த படுக்கையாகக் கிடந்தது செத்த அன்று மட்டுந்தான் என்று தாய் சொல்லியிருக்கிறார். 1897 ஜூலை 25ஆம் திகதி அத்தோல் இறந்தாள். அடுத்த ஆண்டு அவருக்கு ஐந்து ஆண்டுச் சிறை.

அவள் கடைசியாய் இருந்த தெம்பை விற்றுப் பெட்டி அனுப்பினாள். அவர் தன் விடுதலையை விற்றுப் பயணச்சீட்டு வாங்கினார். 'மூவிராசாக்களின் பரிசு' அங்கேதான் நடந்து முடிந்துவிட்டது. நியூயோர்க்கில் எழுதியது அதன் பிரதி. போர்ட்டர் இப்படி எங்கும் சொல்லிவைக்கவில்லை. டெல்லாவின் சாயல் அத்தோல்தான் என்று கருதுவோர் பலர். ஜிம்மின் சாயலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது என் வாசிப்பு. கெட்டித்தனமான முடிவு என்று அந்தக் கதையைப் பாராட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முடிவு தெரிந்த பிறகும், பத்தாவது தடவை வாசிக்கும்போதும் தொண்டை அடைக்கிறதே, அது எப்படி? இரண்டு பேரும் உண்மையாகவே இழந்திருக்கிறார்கள். கதாசிரியர் அந்த இழப்பைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கூந்தல் வளரும் என்று அவள் சொல்கிறாள். மணிக்கூடு திரும்பி வராது. அவன் பரிசுகளை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்கிறான். பனி விழும் சிற்றூர், பழைய காதலன், கடைசி அத்தியாயத்தில் எல்லாம் கூடிவரும் திருமணம் என்று ஆண்டுதோறும் நத்தார் காலத்துக்கென்றே எழுதப்படும் காதல் நாவல்கள் எத்தனையோ. அவற்றைப் படித்து அழுபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அழ ஓர் இடம் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் அவை எல்லாமே தூரத்து உறவாக இந்தச் சின்னக் கதைக்குக் கடன்பட்டவை. கடனில் பாதியைத்தான் அவை எடுத்திருக்கின்றன. இழப்பை விட்டுவிட்டன.

சிறைக்கு வருவோம். ஒஹையோ மாநிலச் சிறைச்சாலை, கொலம்பஸ் நகரம். இளமையில் மாமனின் மருந்துக்கடையில் வேலை பழகி உரிமம் எடுத்திருந்தபடியால், சிறை மருத்துவமனையில் இரவு மருந்தாளராக அவரைப் போட்டார்கள். வார்டைச் சுற்றி வந்து மருந்து கொடுத்தபின் மிச்சமிருக்கும் இரவில் கதை எழுதினார். அங்கிருந்து மட்டும் பதினான்கு கதைகள் வெளியே போய் அச்சாயின. உறை மேல் சிறை முத்திரை இராதபடி நியூ ஒர்லியன்சில் இருந்த ஒரு நண்பர் மூலமாகப் பத்திரிகைகளுக்குப் போகும். ஓ. ஹென்றி என்ற பெயரில் வந்த முதற் கதை என்று சொல்லப்படுவது 1899 டிசம்பர் மெக்ளூர்ஸ் இதழில் வந்தது. அதுவும் நத்தார்க் கதையே. ஊர் ஊராய் அலையும் ஒருவனுக்குக் கிடைக்கும் காலுறையைப் பற்றியது.

மகள் மார்கரெட்டுக்கு அப்பா மறியலில் என்று தெரியாது. தொழில் விஷயமாகத் தூரத்தில் இருக்கிறார் என்று பாட்டியும் பாட்டனும் சொல்லி வளர்த்தார்கள். அவர் அவளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். நல்ல நடத்தைக்காகக் காலம் குறைக்கப்பட்டு 1901 ஜூலையில் வெளியே வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. வில்லாவுட்டிலும் அப்படிக் கதை கேட்டிருக்கிறேன். "அப்பா வேலையிலை நிக்கிறார், லீவு கிடைச்சவுடனை வருவார்." தொலைபேசியில் பேசும் தகப்பன் பின்னணியில் ஒலிபெருக்கி கேட்டுவிடாமல் வாயைக் கையால் மூடிக்கொள்வான்.

'மூவிராசாக்களின் பரிசு' எழுதிய இரவைப் பற்றியும் சொல்லவேண்டும். 1902இல் நியூயோர்க் போனார். சிறிது காலத்தில் வேர்ல்ட் பத்திரிகையின் ஞாயிறு மலருக்குக் கிழமைக்கு ஒரு கதை, கதைக்கு 100 டொலர் என்று பேச்சு. 1905 நத்தார்க் கதை கடைசி நேரம்வரை எழுதப்படவில்லை. வண்ணப் படம் முன்கூட்டியே அச்சுக்குப் போகவேண்டும் என்பதால் ஓவியர் டான் ஸ்மித் அவருடைய அறையைத் தேடி வந்தார். கதை எங்கே? ஒரு வரிகூட இல்லை. போர்ட்டர் படத்தை மட்டும் சொன்னாராம். சாமான்கள் குறைந்த ஏழை அறை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நத்தாரைப் பற்றிப் பேசும் ஆணும் பெண்ணும், ஆணிடம் மணிக்கூட்டு வார், பெண்ணிடம் எல்லாவற்றையும்விட முக்கியமாய் நீண்ட அழகான கூந்தல். அதற்குமேல் இப்போது தோன்றவில்லை, கதை வந்துவிடும் என்றாராம். அவரோடு அந்நாளில் பழகியவர்கள் சொல்லிப் பரவிய செய்தி இது. எர்விங் பிளேசில் அவர் குடியிருந்த அறைக்கு அருகில் உள்ள பீட்ஸ் டவர்ன் என்ற மதுச்சாலை, எங்கள் மேசையில்தான் எழுதினார் என்று இன்றும் பெருமை கொண்டாடுகிறது. கதை 1905 டிசம்பர் 10ஆம் திகதி வெளிவந்தது. அடுத்த ஆண்டு 'நாற்பது லட்சம்' என்று பொருள்படும் தலைப்புக்கொண்ட தொகுப்பில் சேர்ந்தது.

இரண்டொரு மணி நேரத்தில் வேகவேகமாக எழுதினார் என்பதைப் பலர் அதிசயமாகச் சொல்வார்கள். எனக்கு அது அதிசயமாகத் தெரியவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பெட்டி அவருக்குள் திறந்துகிடந்தது. ஓவியருக்குச் சொன்ன முதல் விஷயமே ஏழை அறையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவரும் என்றால், கதை தொடங்கமுன்னரே அவருக்கு வேண்டியது என்ன என்று விளங்குகிறது: அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நத்தாராவது.

நத்தாரை நத்தாராக்கிய இன்னொரு கதைக்கும் பின்னால் மறியல்தான் நிற்கிறது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் தன் நத்தார்க் கதையை 1843இல் ஆறு கிழமையில் எழுதினார். டிசம்பர் 19ஆம் திகதி வெளிவந்து, நத்தாருக்கு முதல் நாளைக்குள் 6,000 பிரதிகள் விற்றுத்தீர்ந்தன. அவருடைய தகப்பனார் கடனுக்காக 1824இல் லண்டன் மார்ஷல்சீ சிறையில் கிடந்தவர். பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சப்பாத்து மை ஆலையில் மைச் சாடிகளுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தான்.

இவற்றையெல்லாம் படித்தபின் வில்லாவுட்டை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். அந்த நிலத்துக்கு ஒரு நீண்ட கதை உண்டு. 1949இல் அங்கே தொடங்கியது குடிவரவாளர் விடுதி. போர் முடிந்து ஐரோப்பாவில் இருந்து வந்தவர்கள் வளைந்த தகரக் கொட்டகைகளில் முதல் நத்தாரைக் கொண்டாடினார்கள், டிசம்பர் வெயிலில். 1964இல் அந்த விடுதியில் கண்டுகொண்ட டச்சு, பிரித்தானியப் பொடியன்கள் தொடங்கிய ஈஸிபீட்ஸ் இசைக்குழு இரண்டே ஆண்டில் உலகமெங்கும் பாடல் ஒலிக்கச் செய்தது. 1976இல் அதே இடத்தில் தடுப்பு முகாம் வந்தது. விடுதிக் காலத்தில் வெளியே போய் வேலை செய்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பிறகு வேலி வந்தது. வேலிக்குள்ளும் கலை நிற்கவில்லை. இன்ஸ்டன்ட் கோப்பித் தூளைத் தண்ணீரில் கரைத்து ஓவியம் தீட்டும் வழக்கம் அங்கே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருக்கிறது. அங்கே சித்திரப் பட்டறை நடத்தப் போன சப்தார் அகமட், தான் அங்கே கேட்டதையும் கண்டதையும் சித்திரக்கதையாக வரைந்தார். அதற்கு 2015இல் வோக்லி விருது கிடைத்தது. 2021இல் 'இன்னும் உயிரோடு' என்று பொருள்படும் தலைப்பில் முழுப் புத்தகமாயிற்று.

ஆனால் காதல்? அதை யாரும் இன்னும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன். எழுதப்பட வேண்டியது கண்முன்னே நடந்திருக்கிறது. ஓர் ஈழத்துப் பெண் 2012இல் மெல்பேண் நகரில் திருமணம் செய்தார். ஒரு மாதத்தில், மே மாதம், அவரைப் பிள்ளைகளோடு வில்லாவுட்டுக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள். அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர். ஆனால் பாதுகாப்பு நிறுவனம் அவருக்கு எதிராக அறிக்கை கொடுத்துவிட்டது. காரணத்தை அவருக்கே சொல்லவில்லை, எத்தனை காலம் என்றும் சொல்லவில்லை. அந்த நிலையில் அப்போது ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் ஈழத் தமிழர். அவர்களில் 46 பேருடைய முறைப்பாட்டை எடுத்து, இது மனித உரிமை மீறல் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2013இல் தீர்மானித்தது. கணவர் வெளியே இருந்து வந்து வந்து பார்த்துப் போனார். 2013 ஜனவரியில் குழந்தை பிறந்தது, அதுவும் தடுப்பில். மூன்று நத்தாரும் மூன்று தைப்பொங்கலும் உள்ளே போயின. 2015 நவம்பரில்தான் விட்டார்கள்.

அவர்களை நான் சந்தித்ததில்லை. செய்திகளில் படித்தவன்தான். ஆனால் மணமாகி ஒரு மாதத்தில் மனைவியைப் பார்க்கப் பெயர் எழுதிக் கையொப்பமிட்டு உள்ளே போகவேண்டிய ஒருவர், அன்றைக்கு என்ன கொண்டுபோனார், எதை விட்டுவிட்டுப் போனார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் எழுதாவிட்டாலும் அவருடைய பிள்ளைகளில் ஒருவர் ஒருநாள் எழுதட்டும். ஒன்பது ஆண்டு கழித்து வந்தாலும் சரி.

மன்னார்ப் பொடியனுக்கு நான் பதிலை அடுத்த தடவை போனபோது சொன்னேன். லேஞ்சியையும் சொன்னேன், 105 பாகையையும் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "அவர் திரும்பி வந்தது அவவுக்குத் தெரிஞ்சதுதானே? செத்த பிறகு வரேல்லைத்தானே?" இல்லை, ஐந்தாறு மாதம் பக்கத்தில் இருந்தார் என்றேன். "அப்ப சரி" என்றான்.

போர்ட்டர் 1910 ஜூன் 5ஆம் திகதி, 47 வயதில் இறந்தார். வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில், ரிவர்சைட் மயானத்தில் இருக்கிறார். கதையை மறக்காத வாசகர்கள் அவருடைய கல்லறைக்கு வந்து சில்லறை வைத்துவிட்டுப் போவது வழக்கம், சரியாக 1 டொலர் 87 சதம். அத்தோல் அங்கே இல்லை. ஒஸ்டினில், ஓக்வுட் மயானத்தில் தனியாக இருக்கிறாள். டெக்சாஸ் பக்கம் உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்குப் போகிற எங்கள் ஆட்கள் இப்போது நிறையப் பேர். போனால் அந்த மயானத்துக்கும் ஒருநாள் போய், அவளுடைய கல்லின் மேலும் 1 டொலர் 87 சதம் வைத்துவிட்டு வாருங்கள்.